ஸ்கோர் பலகையை அந்தப் பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள்: மாற்றுத்திறன் இளையோர் முகாமில் விளையாட்டு நடத்தப் போகிறவர்களுக்கு

நான் தன்னார்வலராகப் போன முதல் கோடை முகாமில் கயிறு இழுத்தல், லெமன் ஸ்பூன், இசை நாற்காலி எல்லாமே நடந்தன. இரண்டு காலிலும் காலிப்பர் போட்ட பதினான்கு வயதுப் பையன் ஒருவன் மூன்று நாளும் ஸ்கோர் எழுதினான். கையெழுத்து அழகாக இருக்கும். அவனுக்கு முக்கியமான வேலை கொடுத்திருக்கிறோம் என்று எங்களுக்கு நிறைவாகக்கூட இருந்தது. கடைசி நாள் மாலையில் அவனை அழைத்துப் போக வந்த அம்மா, "தம்பி என்னென்ன விளையாடினான்?" என்று கேட்டார். எங்கள் யாரிடமும் பதில் இல்லை. சாப்பாட்டுக் கூடத்துக்கும் கழிப்பறைக்கும் நடந்ததைத் தவிர, மூன்று நாளில் அவன் உடம்பு அசையவே இல்லை.

அதற்குப் பிறகு எந்த முகாமுக்குப் போனாலும் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொள்கிறேன். ஒரு மணி நேர ஆட்டத்தில் ஒரே ஒரு பிள்ளையை மட்டும் கவனித்து, அந்தப் பிள்ளை உண்மையாக அசைந்த நேரத்தைக் கூட்டுவேன். வரிசையில் காத்திருப்பது, விதி கேட்பது, கைதட்டுவது எதுவும் கணக்கில் சேராது. முதல் முறை அளந்தபோது ஏழு நிமிடம் வந்தது. மீதி ஐம்பத்து மூன்று நிமிடம் அந்தப் பெண் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 5 முதல் 17 வயது வரையுள்ள மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான அசைவும், வாரத்தில் 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுக்கொடுக்கும் வேலையும் வேண்டும் என்கிறது. மற்றப் பிள்ளைகளுக்குச் சொன்ன அதே அளவு.

நீங்கள் என்.எஸ்.எஸ். மாணவராக இருக்கலாம், பள்ளி உடற்கல்வி ஆசிரியராக இருக்கலாம், உங்கள் ஊர்ச் சங்கம் நடத்தும் முகாமுக்கு உதவ வந்தவராக இருக்கலாம். முதன்முறையாக விளையாட்டுப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால், ஒரு மாதம் முன்பிருந்தே இப்படித் தொடங்குங்கள்.

ஒரு மாதம் இருக்கும்போது: வீட்டுக்குப் போன் செய்யுங்கள்

விண்ணப்பப் படிவத்தில் மாற்றுத்திறன் வகை என்று ஒரு கட்டம் இருக்கும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் யு.டி.ஐ.டி. அடையாள அட்டையில் குறைபாட்டின் சதவீதமும் போட்டிருக்கும். உதவித்தொகைக்கும் பஸ் பாஸுக்கும் அது வேண்டும். ஆனால் '75 சதவீதம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, அந்தப் பிள்ளை பந்தை இடது கையால் எறியுமா வலது கையால் எறியுமா என்று தெரிந்துகொள்ள முடியாது. ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்யுங்கள். இருபது பிள்ளைகள் என்றால் இரண்டு மாலை போகும். முகாமுக்காக நீங்கள் செய்யும் வேலைகளிலேயே இதுதான் அதிகம் பயன் தரும் வேலை.

முதலில் அம்மாவிடமோ அப்பாவிடமோ பேசுங்கள். பிறகு போனைப் பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லுங்கள். "வீட்டுக்குள்ள எப்படிப்பா நகருவ? தவழ்ந்தா, உட்கார்ந்தபடி நகர்ந்தா, வாக்கர் பிடிச்சா? எந்தக் கை நல்லாப் பிடிக்கும்? டிவியில என்ன ஆட்டம் பார்ப்ப? தெருவுல பசங்க விளையாடும்போது நீ எங்க இருப்ப?" கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். "திண்ணையில" என்றால் ஒரு மாதிரி திட்டமிட வேண்டும், "நான்தான் விக்கெட் கீப்பர்" என்றால் வேறு மாதிரி.

பேச்சு வராத பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்று தயங்க வேண்டாம். 'ஆமாம்' என்பதற்கு என்ன அடையாளம், 'வேண்டாம்' என்பதற்கு என்ன அடையாளம் என்று வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிலர் கண்ணை மேலே உயர்த்துவார்கள், சிலர் நாக்கை நீட்டுவார்கள். வலி வந்தால் எப்படிக் காட்டுவார்கள் என்பதையும் கேளுங்கள். இந்த அடையாளங்கள் முகாமில் இருக்கும் ஒவ்வொரு அண்ணாவுக்கும் அக்காவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

உடல்நலக் கேள்விகளைப் பெற்றோரிடமும், முடிந்தால் அவர்கள் போகும் மருத்துவர் அல்லது பிசியோதெரபிஸ்ட்டிடமும் கேளுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிடிப்பு தளர்வாக இருக்கும். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை குட்டிக்கரணம், தலைகீழாகப் பாய்வது, பச்சைக்குதிரை எதுவும் கூடாது. பிறவியிலேயே முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த பிள்ளைகளில், அதாவது ஸ்பைனா பிஃபிடா உள்ளவர்களில், லேடெக்ஸ் ரப்பர் ஒவ்வாமை அதிகம். மருத்துவமனைக் கையுறைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், பலூனும் அதே ரப்பர்தான். அப்படி ஒருவர் இருந்தால் முகாம் முழுவதிலும் பலூன் வேண்டாம். டுஷேன் தசைச்சிதைவு உள்ள பையன்களுக்கு 'இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு' என்று சொல்லவே கூடாது. அவர்களின் தசை களைத்தபின் மேலும் உழைத்தால் சிதைவு கூடும். மறுநாள் தசைவலியோ, சிறுநீர் கறுத்துப் போவதோ தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மருந்துப் பட்டியலையும் வாங்குங்கள். வலிப்புக்குத் தரும் டோபிரமேட், தசை இறுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில், எச்சில் வடிவதைக் குறைக்கத் தரும் கிளைகோபைரோலேட் போன்றவை வியர்வையைக் குறைக்கும். வியர்க்காத உடம்பு மே மாத வெயிலில் சூடேறிக்கொண்டே போகும். முதுகுத்தண்டில் மேல்பகுதியில் காயம்பட்டவர்களுக்கும், காயத்துக்குக் கீழே வியர்க்காது. இந்தப் பிள்ளைகளின் பெயர்களைத் தனித்தாளில் எழுதி, ஆட்டத்துக்கு நடுவே ஈரத்துணியும் நிழலும் கொடுக்க ஆள் நியமியுங்கள்.

இடம் பார்க்கப் போகும்போது

மைதானத்தைப் பார்ப்பதற்கு முன் கழிப்பறையைப் பாருங்கள். வளர்ந்த பெண்பிள்ளைகள் கழிப்பறை சரியில்லை என்று தெரிந்தால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். தண்ணீர் குடிக்காத பிள்ளை பதினோரு மணிக்குத் தலைவலி என்று படுத்துக்கொள்ளும். நாம் அதை 'இவளுக்கு விளையாட்டில் ஆர்வமில்லை' என்று எழுதிவைப்போம். கதவு 90 சென்டிமீட்டர் அகலமாவது இருக்கிறதா, உள்ளே சக்கர நாற்காலி திரும்புமா, பிடித்து எழக் கைப்பிடி இருக்கிறதா என்று ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். சரிவுப் பாதை என்றால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இரண்டு படிக்கு ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டுவிட்டு 'ராம்ப் இருக்கிறது' என்பார்கள். ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

வெட்டவெளியைவிட எனக்குப் பிடித்த இடம் கல்யாண மண்டபம். மழமழவென்ற தரை, மேலே மின்விசிறி, பக்கத்திலேயே சமையற்கட்டு. தரையில் உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. வெளி மைதானம்தான் என்றால் நெருஞ்சி முள் இருக்கிறதா என்று செருப்பைக் கழற்றி, அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். காற்றடித்த டயர் உள்ள நாற்காலிகள் ஒரே காலையில் மூன்று பஞ்சர் ஆனதைப் பார்த்திருக்கிறேன். பஞ்சர் ஒட்டும் சாமானும் கைப்பம்பும் முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். கடற்கரை மணலில் முன்சக்கரங்கள் புதையும். நாற்காலியைப் பின்னால் சாய்த்து, முன்சக்கரத்தைத் தூக்கியபடி பின்னோக்கி இழுத்தால் போகும். அல்லது தேங்காய் நார்ப்பாயை வரிசையாக விரித்துப் பாதை போடலாம்.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கத்திரி வெயிலில் காலை ஆறரை முதல் எட்டரை, மாலை நாலரைக்கு மேல். நடுப்பகல் முழுக்க உள்ளே. வெயிலில் நிறுத்திய நாற்காலியின் இரும்பும் ரெக்சின் இருக்கையும் தொடையைச் சுட்டுவிடும். உணர்ச்சியில்லாத கால் என்றால் பிள்ளைக்கே தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

தன்னார்வலர்களுக்கு அரை நாள்

1962 ஜூனில் அமெரிக்காவின் மேரிலாந்தில், யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் தன் வீட்டுப் புல்வெளியிலேயே அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு ஒரு பகல்முகாம் தொடங்கினார். அங்கே துணைக்கு நின்றவர்கள் பெரும்பாலும் பள்ளி, கல்லூரி மாணவர்கள். கிட்டத்தட்ட ஆளுக்கு ஒரு பிள்ளை. நீச்சல், குதிரையேற்றம், பந்து என்று அந்தப் பிள்ளைகளால் முடியாது என்று ஊர் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தார்கள். ஆறு ஆண்டு கழித்து, 1968 ஜூலையில் சிகாகோவில் நடந்த முதல் சிறப்பு ஒலிம்பிக்ஸுக்கு விதை அந்தப் புல்வெளிதான். அனுபவமில்லாத இளையவர்களால் இதைச் செய்ய முடியுமா என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் பயிற்சி வேண்டும். சக்கர நாற்காலி அந்தப் பிள்ளையின் உடம்பில் ஒரு பகுதி. கேட்காமல் தள்ளக் கூடாது, அதில் சாய்ந்து நிற்கக் கூடாது, பையை மாட்டக் கூடாது. இறக்கத்தில் நாற்காலியைத் திருப்பிப் பின்னோக்கி இறக்க வேண்டும். ஒருவரைத் தூக்கி மாற்றும்போது இரண்டு பேர் வேண்டும், பிரேக் போட்டிருக்க வேண்டும், அக்குளில் கைகொடுத்து இழுக்கக் கூடாது. "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்வது தூக்கப்படுகிறவராக இருக்கட்டும். தன் உடம்பு எப்போது காற்றில் எழும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். பெண்பிள்ளைகளுக்குப் பெண் தன்னார்வலர். உடை மாற்றும் இடத்திலும் கழிப்பறையிலும் எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு பிறர் கண்ணுக்கு மறைவாகத் தனியாக இருக்கக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக ஒட்டுங்கள்.

எத்தனை பேர் வேண்டும்? தூக்கி மாற்ற வேண்டியவர்களுக்கும் அடிக்கடி வலிப்பு வருகிறவர்களுக்கும் ஆளுக்கு ஒருவர், மற்ற மூன்று பேருக்கு ஒருவர் என்று நான் கணக்குப் போடுவேன். அதற்குக் குறைவாக இருந்தால் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுவேன்.

இன்னொன்று, 'பாவம்' என்ற சொல் முகாம் வாசலுக்கு வெளியே நிற்கட்டும்.

ஆட்டத்தை எப்படி மாற்றுவது

ஒரு பிள்ளையால் ஒரு ஆட்டம் ஆட முடியவில்லை என்றால் நான்கு இடத்தில் கைவைக்கலாம். களத்தின் அளவு, விதி, கருவி, கூட ஆடுகிறவர்கள். பிள்ளையை ஓரத்தில் உட்கார வைப்பது இந்த நான்கிலும் வராது.

முதலில் தூக்கி எறிய வேண்டியது 'அவுட் ஆனால் வெளியே' என்ற விதியை. இசை நாற்காலியில் முதலில் வெளியேறுகிறவர் யார்? எல்லோரையும்விட மெதுவாக நகர்கிறவர். அதிகம் அசைய வேண்டிய பிள்ளைக்குக் குறைந்த நேரம் கொடுக்கும் ஆட்டம் அது. அவுட் ஆனவர் பத்து முறை பந்தைச் சுவரில் எறிந்துவிட்டுத் திரும்ப வரலாம் என்று மாற்றுங்கள், போதும்.

நம் ஊர் ஆட்டங்களிலிருந்து தொடங்கினால் விதி விளக்கும் நேரம் மிச்சம். 'கொலை கொலையா முந்திரிக்கா'வை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் துணியோடு சுற்றி வருவார். துணியில் இரண்டு சலங்கை கட்டிவிட்டால் பார்வையில்லாத பிள்ளைக்கும் அது எங்கே போகிறது என்று தெரியும். துரத்தும்போது வேகமாக ஓடுகிறவருக்கு வட்டத்துக்கு வெளியே நீளமான பாதை, மெதுவாக நகர்கிறவருக்கு வட்டத்துக்கு உள்ளே குட்டையான பாதை. போட்டி உண்மையான போட்டியாகவே இருக்கும். வட்டம் பெரிதாகிவிட்டால் காத்திருக்கும் நேரம் கூடும். எட்டுப் பேருக்கு ஒரு வட்டம் என்று பிரித்து, ஒரே சமயத்தில் மூன்று வட்டம் நடத்துங்கள்.

உறியடி இன்னும் எளிது. அது கண்ணைக் கட்டி ஆடுவதுதானே. பார்வையற்ற பிள்ளைகள் இதில் மற்றவர்களைவிட ஒரு படி முன்னால் நிற்பார்கள், அந்த முன்னிலையை அவர்கள் அனுபவிக்கட்டும். பானையின் உயரத்தை நாற்காலியில் இருப்பவர் கைக்கு எட்டும்படி கயிற்றில் இறக்குங்கள். நிஜப் பானைக்குப் பதில் துணிப்பை போதும், சில்லு தெறிக்காது. கோலாட்டத்தை உட்கார்ந்தபடியே ஆடலாம். கோலைப் பிடிக்க முடியாத கைக்கு சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு பட்டையைக் கோலோடு சேர்த்து மணிக்கட்டில் சுற்றுங்கள். (ரப்பர் ஒவ்வாமை உள்ளவருக்குத் துணிப்பட்டை.) காது கேளாத பிள்ளைகள் இருந்தால் பறையைத் தரையோடு ஒட்டி வையுங்கள். மரத் தரையிலும் மேடைப் பலகையிலும் அதிர்வு காலில் ஏறும், தாளம் தவறாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த போச்சியா. 1984 முதல் பாராலிம்பிக்ஸில் இருக்கும் ஆட்டம். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்காக உருவானது. ஒரு வெள்ளைப் பந்தை முதலில் உருட்டிவிட்டு, அதற்கு மிக அருகில் யாருடைய பந்து நிற்கிறது என்பதுதான் ஆட்டம். ஒரு பக்கம் ஆறு சிவப்பு, மறுபக்கம் ஆறு நீலம். வாங்குவதற்கு விலை அதிகம். பழைய சாக்ஸில் புளியங்கொட்டையோ அரிசியோ 275 கிராம் நிரப்பிக் கட்டி, துணி தைத்துவிடுங்கள். எடை சரியாக இருக்கும், உருளும், அதிகம் ஓடாது. கையால் எறிய முடியாதவருக்குச் சரிவுத்தடம் வேண்டும். பிளம்பிங் கடையில் நாலு அங்குல பி.வி.சி. பைப் நான்கு அடி வாங்கி, நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கச் சொல்லுங்கள். ஒரு பைப்பில் இரண்டு தடம் கிடைக்கும். ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு நாற்காலி உயரத்திலிருந்து சாய்த்து வைத்தால் பந்து அதில் உருண்டு இறங்கும். பிள்ளை கையால் தள்ளலாம், தலையால் தள்ளலாம், மோவாயால் தள்ளலாம்.

இதில் ஒரு விதி உண்டு. சரிவுத்தடத்தைப் பிடித்துக்கொள்ளும் உதவியாளர் களத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது, ஆலோசனை சொல்லக் கூடாது. "இடது, இன்னும் இடது, மேலே தூக்கு, நிறுத்து" என்று வீரர் சொல்வதை மட்டும் செய்யலாம். சர்வதேசப் போட்டிகளின் இந்த விதியை நான் முகாமில் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கிறேன். முதல் நாள் இதைச் செய்யும்போது தன்னார்வலர்களுக்குக் கழுத்து தானாகத் திரும்பும். திரும்பினால் அந்தப் பந்து செல்லாது. இருபது நிமிடத்தில் அறையே மாறிவிடும். வாழ்நாள் முழுக்க மற்றவர் சொல்லி நகர்ந்த ஒரு பெண், பெரியவர் ஒருவரைக் கண்ணசைவில் வேலை வாங்குவாள். பேச்சில்லாத பிள்ளைக்கு எழுத்துப் பலகையோ கண்ணசைவோ போதும், நேரம்தான் கொஞ்சம் அதிகம் ஆகும். ஆகட்டும். ஆனால் போச்சியாவில் மூச்சு வாங்காது. அதனால் எறிந்த பந்தை எடுத்து வர ஆள் வைக்காதீர்கள். நகர முடிந்த எல்லோரும் தங்கள் பந்தைத் தாங்களே போய் எடுக்கட்டும். என் ஸ்டாப்வாட்சில் அதிக நிமிடங்கள் சேர்ந்தது இந்த ஒரு மாற்றத்தால்தான்.

பார்வையற்றவர்களுக்கு கோல்பால். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1946-இல் உருவான ஆட்டம் இது. அணிக்கு மூன்று பேர், உள்ளே மணி போட்ட பந்தைத் தரையில் உருட்டி எதிரணியின் எல்லையைத் தாண்டவைக்க வேண்டும். படுத்து உடம்பால் தடுக்க வேண்டும். எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொள்வதால் கொஞ்சம் தெரிகிறவர், நன்றாகத் தெரிகிறவர் என்ற வேறுபாடு போய்விடும். மணிப்பந்து இல்லையென்றால் கால்பந்தை ஒரு சரசரக்கும் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள், உருளும்போது சத்தம் வரும். கோட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டாம். சணல் கயிற்றைத் தரையில் நீட்டி, மேலே டேப் ஒட்டினால் விரலிலும் காலிலும் கோடு தட்டுப்படும். பார்வையாளர்கள் பந்து ஓடும்போது மூச்சுவிடக்கூடாது. இதற்காகவே இந்த ஆட்டத்தை மற்ற ஆட்டங்களிலிருந்து தள்ளி வேறு அறையில் வையுங்கள்.

உட்கார்ந்து ஆடும் கைப்பந்துக்கு வலையின் உயரம் ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர், களம் 10-க்கு 6 மீட்டர். பந்தைத் தொடும்போது இடுப்பு தரையைவிட்டு எழக்கூடாது. காலிப்பரைக் கழற்றிவைத்துவிட்டு, எந்தக் குறைபாடும் இல்லாத தம்பி தங்கைகளோடும் தன்னார்வலர்களோடும் சேர்ந்து ஆடலாம். உட்கார்ந்த நிலையில் நல்ல கால் உள்ளவர் தடுமாறுவார், கையாலேயே நகர்ந்து பழகியவர் மின்னல்போலப் போவார். புதியவர்களுக்குக் கடற்கரைப் பந்து போன்ற இலேசான பந்து கொடுங்கள், மெதுவாக இறங்கும். உணர்ச்சியில்லாத கால்களுக்கு முழுக்கால்சட்டை கட்டாயம். தோல் உராய்ந்தால் தெரியாது. ஆட்டம் முடிந்ததும் குதிகாலையும் புட்டத்தையும் அவர்களோ, அவர்கள் நம்பும் ஒருவரோ பார்த்துவிட வேண்டும்.

மூச்சு, களைப்பு, சத்தம்

தசை இறுக்கம் உள்ளவர்களுக்கு வார்ம்-அப் பதினைந்து நிமிடமாவது வேண்டும். மெதுவாக, பாட்டோடு. மடங்கியிருக்கும் கையை வெடுக்கென்று இழுத்து நீட்டினால் இறுக்கம் கூடும், வலிக்கும். அளவு எப்படித் தெரியும்? பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் சரியான அளவு. ஒரு வாக்கியம்கூட வரவில்லை என்றால் குறையுங்கள். நாற்காலியிலேயே இருப்பவர்களுக்கு அரை மணிக்கு ஒருமுறை விசில் இல்லாமல் ஒரு நிறுத்தம். கையை ஊன்றி உடம்பைத் தூக்கியோ, முன்னால் சாய்ந்தோ புட்டத்தின் அழுத்தத்தை ஒரு நிமிடம் எடுக்க வேண்டும்.

விசில் இல்லாமல் என்றேன் அல்லவா. ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு விசில் சத்தம் காதில் ஊசி குத்தியதுபோல இருக்கும். காது கேளாதவர்களுக்கு அது கேட்கவே கேட்காது. அப்புறம் யாருக்காக அது? பெரிய மஞ்சள் கொடி ஒன்றை உயர்த்துங்கள். விதி விளக்கும்போது சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. உங்கள் உதடும் கையும் நிழலில் மறைந்துவிடும். அன்றைய ஆட்டங்களைப் படமாக வரைந்து வரிசையாகச் சுவரில் ஒட்டி, முடிந்ததை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுக்கச் சொல்லுங்கள். அடுத்து என்ன என்று தெரிந்தால் பாதி பதற்றம் போய்விடும். ஓர் அறையை அமைதிக்கென்று விட்டுவையுங்கள், அங்கே போகிறவரைத் திரும்ப இழுத்து வராதீர்கள். அவர்களாகவே வருவார்கள்.

தண்ணீர், மோர், உப்புப்போட்ட கூழ் எல்லாம் அரை மணிக்கு ஒருமுறை. விழுங்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு வெறும் தண்ணீர்கூடப் புரையேறும். கூழ்போலக் கெட்டியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருக்கலாம். அந்தப் போன் குறிப்பைத் திரும்பப் பாருங்கள்.

தண்ணீரில் இறங்குவதானால்

நிலத்தில் நாலு பேர் தாங்கிப் பிடிக்கும் உடம்பு தண்ணீரில் தானாக மிதக்கும். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் இதைக் கடைசியில் சேருங்கள், ஆள் போதாதென்றால் சேர்க்கவே வேண்டாம். லண்டனில் 1949-இல் ஜேம்ஸ் மக்மில்லன் தொடங்கிய ஹாலிவிக் முறையில் மிதவைக் கருவி எதுவும் கிடையாது. ஆளுக்கு ஓர் ஆள், தண்ணீருக்குள்ளேயே. மூச்சை ஊதி வெளியேற்றுவது, உருண்டு மீண்டும் முகத்தை மேலே கொண்டுவருவது, இவைதான் முதல் பாடம். நீந்துவது பிறகு. கையில் மாட்டும் காற்றுப்பையை நம்பாதீர்கள். உருண்டு திரும்ப அது விடாது, பாதுகாப்பாக இருப்பதுபோல ஒரு பொய்யான தைரியமும் தரும்.

வலிப்பு உள்ளவரை ஒருவர் கண்கொட்டாமல் பார்க்க வேண்டும், அவருக்கு அந்நேரம் வேறு வேலை இருக்கக் கூடாது. குளிர்ந்த நீரில் தசை இறுகும். மலையூர்களில் முகாம் என்றால் குளத்தை மறந்துவிடுங்கள். காக்ளியர் கருவியின் வெளிப்பகுதியைக் கழற்றிப் பெயரெழுதிய டப்பாவில் போடுங்கள், கழற்றிய பிறகு அந்தப் பிள்ளைக்குக் கேட்காது என்பதை நினைவில் வையுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலர் தண்ணீரை நோக்கி யாரும் கவனிக்காத நேரத்தில் போய்விடுவார்கள். முகாமுக்கு அருகில் கிணறோ குட்டையோ தொட்டியோ இருந்தால் இரவு உட்பட அதற்குக் காவல் வேண்டும். கடலில் குளிப்பது வேண்டாம். பம்புசெட்டில் குளியல் தாராளமாக. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தொட்டிக்கு வெளியே குழாய் விழும் இடத்தில் போட்டால் எல்லோருக்கும் முறை வரும்.

உடனே செயல்பட வேண்டியவை

வலிப்பு வந்தால் நேரத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் படுக்கவைத்து, தலைக்குக் கீழே துணி வைத்து, சுற்றியுள்ள பொருள்களை நகர்த்துங்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பது, வாயில் கரண்டி வைப்பது, தண்ணீர் புகட்டுவது எதுவும் கூடாது. கூட்டத்தில் யாராவது சாவியோடு ஓடிவருவார்கள், தடுத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, விழிப்பு வராமல் அடுத்த வலிப்பு வந்தாலோ 108. தண்ணீருக்குள் வந்திருந்தால் நேரம் பார்க்க வேண்டாம், உடனே 108.

முதுகுத்தண்டின் மேல்பகுதியில் காயம்பட்டவருக்குத் திடீரென்று தலை வெடிப்பதுபோல வலித்து, முகம் சிவந்து வியர்த்தால் இரத்த அழுத்தம் ஏறுகிறது என்று பொருள். படுக்கவைக்காதீர்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிறைந்திருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். தணியாவிட்டால் மருத்துவமனை.

கடைசி நாளும் அதற்குப் பிறகும்

நிறைவு விழா என்று மேடை போட்டு, பெற்றோரை நாற்காலியில் உட்காரவைத்து, பிள்ளைகளை நடனமாட வைப்பது வழக்கம். நான் பெற்றோரைக் களத்தில் இறக்குகிறேன். அப்பாக்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு கோல்பால் ஆடட்டும், அம்மாக்கள் தரையில் உட்கார்ந்து கைப்பந்து ஆடட்டும், எதிரணியில் அவர்கள் பிள்ளைகள். தோற்றுப்போகும் பெரியவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். பிள்ளைகளுக்கு நீங்களும் விட்டுக்கொடுக்காதீர்கள். எல்லோருக்கும் ஒரே கோப்பை, எதற்கெடுத்தாலும் கைதட்டல் என்றால் அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

முந்தைய நாள் இரவில் பாரிஸ் 2024 பாராலிம்பிக்ஸ் பேட்மின்டன் ஆட்டங்களைத் திரையில் போட்டுக் காட்டலாம். துளசிமதி முருகேசன் வெள்ளி, மனீஷா ராமதாஸ் வெண்கலம், குள்ளமானவர்களுக்கான பிரிவில் ஓசூரின் நித்யஸ்ரீ சிவன் வெண்கலம். மூவரும் நம் மாநிலத்துப் பெண்கள். முதல் நாளே காட்ட வேண்டாம். விளையாடிப் பார்த்த பிறகு பார்க்கும்போதுதான் "அந்த ஷாட்டை எப்படி எடுத்தாங்க?" என்று கேட்பார்கள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். எந்த ஆட்டம் பிடித்தது, எந்த நிலையில் உட்கார்ந்து ஆடினார், கைக்கு எந்தப் பட்டை பொருந்தியது, எத்தனை நிமிடத்தில் களைத்தார், தெருவில் யாரோடு எப்படி இதை ஆடலாம். தமிழில், பெரிய எழுத்தில், பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடமும் காட்டும்படி எழுதுங்கள். 2016 சட்டத்தின் 30-ஆவது பிரிவு விளையாட்டில் மாற்றுத்திறனாளிகள் பங்கேற்கும் உரிமையைப் பேசுகிறது என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் இருப்பார். விளையாட்டுப் போட்டி, உபகரணம் பற்றி அங்கே கேட்கலாம் என்றும் எழுதுங்கள். பி.வி.சி. தடத்தையும் சாக்ஸ் பந்துகளையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடுங்கள். அடுத்த முகாமுக்கு வேறு செய்துகொள்ளலாம்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போன் செய்யுங்கள். இந்த முறை முதலில் பிள்ளையிடமே பேசுங்கள். தெருவில் பசங்க விளையாடும்போது நீ எங்கே இருந்தாய் என்ற பழைய கேள்வியையே திரும்பக் கேட்டு, பதிலை முதல் குறிப்புக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.